பாதிப் பெயர்

ஜெனோவா தன் வேலையை முடித்து நிமிர்ந்த மத்தியானத்தில், கீழே அடுக்களையில் சீலா மீன் அரிந்துகொண்டிருந்த அவள் அம்மா சலேத்தம்மாள், தேங்காய் உடைத்துத் தருவதற்காகப் பக்கத்து வீட்டு அந்தோணியைக் கூப்பிட வாயெடுத்து, ‘அந்’ என்று சொன்ன மாத்திரத்தில் தும்மல் வந்து நிறுத்த, அடுக்களையிலும் முற்றத்திலும் கிணற்றடியிலுமாகச் சிப்பிமுனை ஊரிலிருந்த அத்தனை அந்தோணிகளும் வந்து நின்றார்கள். ஒருவர் முகத்தில் சவர நுரையோடு நின்றார். ஒருவர் வலை முடிகிற ஊசியைப் பிடித்தபடி நின்றார். சாப்பாட்டில் பாதியில் வந்தவர் சோற்றுக் கையை எங்கே கழுவலாம் என்று தேடினார். சலேத்தம்மாள் இன்னொரு தும்மலையும் தும்மி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்ததுதான் வந்தீர்கள் இருந்துவிட்டுப் போங்கள் என்று எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டாள். வேண்டியிருந்த அந்தோணி தேங்காயை உடைத்துக் கொடுத்தார். மற்ற அந்தோணிகள் காப்பியைக் குடித்துவிட்டு நடந்தே வீடு திரும்பினார்கள்.

ஜெனோவா சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்காக வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி கம்ப்யூட்டரிடம் வேலை வாங்குகிறவர்களுக்கான கருவி ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. கட்டளையில் பாதியைத் தட்டி டேப் பொத்தானை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும், பொருந்துவது பல இருந்தால் அத்தனையையும் காட்டும். அவசரக்காரர்கள் நீளமான கட்டளைகளுக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். பிறகு அந்தப் பட்டப்பெயரை வைத்து இன்னொரு பட்டப்பெயர், அதை வைத்து வேறொன்று. தொல்லை அங்கேதான் இருந்தது. டேப்பை அழுத்தினால் கருவி முதல் பெயரைத் திறந்து, உள்ளே இன்னொரு பெயர் மூடிக் கிடப்பதைக் கண்டு திகைத்து நின்றுவிடும்; இல்லையென்றால் ஒன்றையொன்று கைகாட்டும் இரண்டு பெயர்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே கிடக்கும்; அதுவும் இல்லையென்றால் உள்ளே போகிற வேகத்தில் பெயரோடு கூட வந்த மற்றச் சொற்களை வழியில் தவறவிடும். ஜெனோவா பல வாரம் அதோடு மல்லுக்கட்டி, பெயருக்குள் பெயர் எத்தனை இருந்தாலும் கடைசிவரை திறந்துகொண்டே போகவும், ஒருமுறை திறந்ததை மறுமுறை திறக்காமலிருக்கவும், பெயருக்குப் பின்னால் தொங்கும் சொற்களைக் கைவிடாமல் கூட்டிக்கொண்டு போகவும் அதற்குக் கற்றுக்கொடுத்தாள். அந்த வேலை முடிந்த மத்தியானமும் அந்தோணிகள் வந்த மத்தியானமும் ஒன்றாக இருந்ததற்கு என்ன காரணம் என்று அவளுக்கும் தெரியவில்லை. செய்ததைக் கலைத்துப் பார்த்தாள். அப்படியும் பாதிப் பெயருக்கு ஆள் வருவது நிற்கவில்லை. திரும்பவும் சரிசெய்து கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, கீழே போய் அம்மாவோடு காப்பி தம்ளர்களைக் கழுவினாள்.

சிப்பிமுனைக் கடற்கரையில் ஆட்கள் அதிகம், ஆட்களுக்கு வைக்கக் கிடைத்த புனிதர்களின் பெயர்கள் குறைவு. ஒரே தெருவில் நாலு சவேரியார், ஒரே வள்ளத்தில் இரண்டு இன்னாசி என்று இருந்தால் கூப்பிடுவதற்குப் பட்டப்பெயர்தான் வழி. அப்பாவின் பட்டப்பெயர் மகனுக்கு இறங்கும், மகனுடையது அவன் மச்சானுக்குத் தாவும், யாருக்கு எது முதலில் வந்தது என்பது கொஞ்ச காலத்தில் எல்லோருக்கும் மறந்துபோகும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெயரைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினால் பெயருக்கு உரியவர் எதிரே வந்து நிற்பார் என்று ஆனபோது, முதல் வாரம் கொஞ்சம் தள்ளுமுள்ளாக இருந்ததே தவிர, இரண்டாம் வாரத்தில் சனங்கள் பழகிக்கொண்டார்கள். மீன் ஏலம் விடுகிற குரூஸ் பெயர்களை மென்று விழுங்குகிற வழக்கத்தை விட்டு ஒவ்வொரு பெயரையும் கடைசி எழுத்துவரை சொன்னார். கோயிலில் மன்றாட்டுமாலை சொல்லும்போது தூக்கக் கலக்கத்தில் புனிதர்களின் பெயரை முனகிப் பாதியில் விட்டவர்களால் அந்தந்தப் பெயருள்ளவர்கள் எல்லாம் வந்து குவிந்து, பல வருடம் பூசைக்கே வராதவர்கள்கூட அன்றைக்கு வந்ததாகப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் குறிப்பிட்டார். அடுத்த ஞாயிறு முதல் மன்றாட்டுமாலையைச் சாமியாரே தனியாகச் சொல்வது என்று முடிவானது.

பழகப் பழக அதன் முறைகளும் பிடிபட்டன. முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் எதுவும் நடக்காது, பழையபடி காதில் விழுந்து அவர்களாக நடந்து வந்தால்தான் உண்டு. அம்மா, மக்கா, அண்ணே என்பவை யாருக்கும் தனிச் சொத்து இல்லை என்பதால் அவற்றைப் பாதியில் நிறுத்தினாலும் கால்வாசியில் நிறுத்தினாலும் யாரும் வரவில்லை. புதிதாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு உடனே கூப்பிட்டாலும் பலனில்லை. அந்தப் பெயருக்கு அந்த ஆள் ஒருதடவையாவது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். சூசை என்பவரைப் ‘பாக்கியம் மச்சான்’ என்றும், பாக்கியத்தைச் ‘சூசை மச்சான்’ என்றும் மட்டுமே கூப்பிட்டு வந்த ஒரு தெருவில், யாரோ ஒருவரை யாரோ பாதியில் கூப்பிட்டு வைக்க, இரண்டு பேரும் ஒருவர் வீட்டு வாசலிலிருந்து மற்றவர் வீட்டு வாசலுக்கு மாறி மாறிப் போய் நின்றுகொண்டே இருந்தார்கள், பொழுது சாயும்வரை. ஜெனோவாவை வந்து அழைத்தார்கள். அவள் நிலைமையைப் பார்த்துவிட்டு, பாக்கியம் எப்போதும் பாட்டுக் கேட்பவர் என்பதால் அவரை ‘ரேடியோ’ என்று எல்லோரும் ஒருமுறை உரக்கக் கூப்பிடச் சொன்னாள். அவர் தன் வாசலில் வந்து நின்ற ஒரு நொடியில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். சுற்று அறுந்தது. இருவரும் தலையைப் பிடித்துக்கொண்டு அவரவர் படியில் உட்கார்ந்தார்கள்.

செத்தவர்கள் வரவில்லை. அதைச் சோதித்துப் பார்க்காத வீடு ஊரில் இல்லை. பாதிப் பெயரைச் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, பெயரின் கோடியில் உயிருள்ள ஆள் இல்லையென்றால் அந்தக் கூப்பாடு அங்கே நிற்காமல் மேலும் உள்ளே போய், பெயர் எந்தப் பொருளிலிருந்து பிறந்ததோ அந்தப் பொருளை எடுத்து வருகிறது என்பது தெரிந்தது. ‘குடை’ என்று பெயர் வாங்கியிருந்த மனிதரின் மகள் கூப்பிட்டபோது கம்பி வளைந்த ஒரு கறுப்புக் குடை வந்து கூடத்தில் நின்றது. அவள் அதைக் கொஞ்ச நேரம் விரித்து வைத்துக்கொண்டு அழுதாள், மழைக்காலம் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடலுக்குப் போனவர்களைப் பற்றித்தான் ஊர்க் கமிட்டி நீண்ட நேரம் பேசியது. ஒருத்தி தன் புருஷனுக்குக் காப்பி ஆறிப்போகிறதென்று தங்கை மகளைவிட்டு அவர் பெயரைப் பாதியில் சொல்லவைக்க, சுக்கானைப் பிடித்திருந்த மனிதர் வீட்டுத் திண்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆளில்லாத சுக்கானோடு அந்த வள்ளம் தாறுமாறாக ஓடிக் கடலடிப் பாறைத் திட்டான பாரில் மோதியது. அதன்பின், கடல்மேல் இருப்பவர்களை யாரும் பாதிப் பெயரில் கூப்பிடக்கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கோயில் மணியடித்து ஊர் கூடியபின் கூப்பிடலாம் என்று கமிட்டி கட்டுப்பாடு விதித்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அதே கட்டுப்பாடுதான். பாஸ்போர்ட் இல்லாமல் வெல்டிங் கண்ணாடியோடு அடுக்களையில் வந்து நின்ற ஒரு மகனைத் திரும்ப அனுப்ப ஒரு குடும்பம் பட்ட பாட்டை ஊரே பார்த்திருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஜெனோவாவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. அவள் சின்ன ஜப்பான் என்ற மீன்பிடிக்காரனைக் கல்யாணம் செய்ய விரும்பினாள். அவனுக்கும் அதே விருப்பம். இரண்டு பேருக்கும் முப்பது தாண்டிவிட்டதால் ஒளிந்து பேசுகிற வயது போய்விட்டது. அவன் சாயங்காலம் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அவள் மாடியைப் பார்ப்பான், அவள் இறங்கி வாசலுக்கு வருவாள், நின்று பேசுவார்கள். அவனைக் கூப்பிட நேர்ந்தால் அவள் முழுப் பெயரையும் சொல்லிவிட்டு அவன் வருகிறவரை காத்திருப்பாள். ஆட்களைச் சுண்டி இழுப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. சலேத்தம்மாளுக்கு அவன்மேல் வேறு குறை ஒன்றும் கிடையாது, குடிக்கமாட்டான், தொழிலில் கெட்டிக்காரன் என்பதெல்லாம் அவளும் ஒப்புக்கொள்வதுதான். ஆனால் எந்த வீட்டு ஆள் என்று சம்பந்தக்காரர்கள் கேட்டால் எந்தப் பேரைச் சொல்வது என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு பேச்சு எப்போதும் நின்றுவிடும்.

சின்ன ஜப்பான் அந்த ஊரில் பிறந்தவன் இல்லை. ஜெனோவா பிறப்பதற்கு முன்பு ஒரு பெரும்புயல் ஓய்ந்த காலையில், பலகை ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி கரையில் கிடந்த குழந்தை அவன். பேசத் தெரியாத வயது, தேடி வந்தவர்களும் யாருமில்லை. பிள்ளையில்லாத சவேரியாரும் அவர் மனைவி பிரகாசியம்மாளும் அவனை எடுத்து வளர்த்தார்கள். சவேரியார்தான் ஊரில் முதன்முதலாக வள்ளத்தில் ஜப்பான் மெஷின் மாட்டியவர், அதனால் அவர் பெயர் ஜப்பான், அவர் வளர்த்த பிள்ளை சின்ன ஜப்பான். சவேரியார் இறந்தபின் வள்ளமும் அந்த மெஷினும் அவனுக்கு வந்தன. பிரகாசியம்மாள் அவனை மக்கா என்று கூப்பிடுவாள், வள்ளத்தில் கூட வருகிறவர்கள் அண்ணே என்பார்கள்.

ஐப்பசியில் ஒருநாள், தட்டையாகக் கிடந்த கடலில் விடிகாலை இறங்கிய வள்ளங்கள் காற்று மாறுவதைப் பார்த்து முற்பகலிலேயே ஒவ்வொன்றாகத் திரும்பின. சின்ன ஜப்பானின் வள்ளம் மட்டும் திரும்பவில்லை. அதில் அவனோடு கித்தேரியான், தொம்மை, இன்னாசி என்று மூன்று பேர் போயிருந்தார்கள். நண்பகலில் வானம் கறுத்து மழை பக்கவாட்டில் அடித்தது. அலையைத் தடுக்கக் கல் கொட்டியிருந்த தூண்டில் வளைவைத் தாண்டி அலை ஏறியது. கோயில் மணி அடித்தது, ஊர் கோயில் முன்னாலிருந்த மணல்வெளியில் கூடியது. கமிட்டித் தலைவர் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதாக அறிவித்தார். புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் அன்றைக்குச் சொன்னார்கள். கித்தேரியானின் மனைவி ‘கித்’ என்று நிறுத்த, அவன் வாய் நிறைய உப்புத்தண்ணீரோடு அவள் காலடியில் வந்து விழுந்தான். தொம்மை வந்தான். இன்னாசியைக் கூப்பிட்டபோது ஊரிலுள்ள எல்லா இன்னாசிகளும் வந்தார்கள், நடுவில் நனைந்திருந்தவனை அவன் அம்மா அடையாளம் கண்டு இழுத்துக்கொண்டாள்.

வள்ளம் பாதி தண்ணீர் ஏறிக் கிடக்கிறது என்றும், அண்ணன் மெஷினைப் பிடித்து அலைக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறார், அதனால்தான் கவிழாமல் நிற்கிறது என்றும் கித்தேரியான் மூச்சிரைக்கச் சொன்னான்.

அப்போதுதான் பிரகாசியம்மாள் வந்து சேர்ந்தாள். முழங்கால் வலியோடு மணலில் நடந்து வந்தவளுக்குக் கூட்டம் வழிவிட்டது. அவள் கடலைப் பார்த்து நின்று, அதுவரை ஒருநாளும் அவனைக் கூப்பிட்டிராத அந்தப் பெயரில், ‘சின்ன ஜப்’ என்று கூப்பிட்டு நிறுத்தினாள்.

மணலில் ஒரு மெஷின் வந்து விழுந்தது. பழைய ஜப்பான் மெஷின். அதன் விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மணலை வாரி இறைத்துக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு அது ஒரு பக்கமாக உருண்டு, இருமி, நின்றது. தொம்மை அதன்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, கொதிக்குது, இது நம்ம வள்ளத்து மெஷின்தான் என்றான். அவன் சொல்வதற்கு முன்பே எல்லோருக்கும் விளங்கியிருந்தது. அந்த அலைக்குள் அந்த மனிதன் இப்போது ஆளுமில்லாமல் மெஷினுமில்லாமல் இருந்தான்.

பிரகாசியம்மாள் இன்னொரு தரம் கூப்பிட வாயைத் திறந்தாள். ஜெனோவா ஓடிவந்து அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் பெரிம்மா. மெஷின் வந்தாச்சு, இனிமே கூப்பிட்டா அது மாட்டியிருந்த பலகைதான் வரும். அவர் கால் வச்சு நிக்கிற பலகை.”

அவள் அங்கேயே நின்று, மழைக்கு மேலாகக் குரலை உயர்த்தி, தனக்குப் புரிந்ததை ஊருக்குச் சொன்னாள். சின்ன ஜப்பான் என்பது ஒற்றைப் பெயர் இல்லை, பெயருக்குள் பெயர். கூப்பாடு ஜப்பானைத் தேடி உள்ளே போகிறது, ஜப்பான் இறந்துவிட்டார், அதனால் அவர் பெயர் பிறந்த மெஷின்வரை போய் அதைத் தூக்கி வருகிறது. போகிற வழியில் ‘சின்ன’ என்பதைக் கீழே போட்டுவிடுகிறது. கம்ப்யூட்டரில் பெயர் முன்னால் நிற்கும், கூட வருகிற சொற்கள் பின்னால் தொங்கும், பின்னால் தொங்குவதைப் பிடித்துக்கொள்ளத்தான் அவள் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தமிழில் கூட வருவது முன்னால் அல்லவா வருகிறது. இப்போது மாடிக்குப் போய் அதைத் திருத்தினாலும் ஊர் அதைக் கேட்டு நடக்கப்போவதில்லை. ஜப்பான் வழியாகப் போகாத வேறொரு பெயர் வேண்டும், அவனிடம் நேராகப் போய் நிற்கிற பெயர்.

பங்குச் சாமியார் கோயிலுக்குள் ஓடி, அவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். ஸ்தனிஸ்லாஸ் என்று இருந்தது. ஊர் அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டது. சாமியார் ‘ஸ்தனி’ என்று நிறுத்திக் காத்திருந்தார். மழை பெய்தது. யாரும் வரவில்லை. அந்தப் பெயருக்கு அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை, யாரும் கூப்பிட்டிருந்தால்தானே.

ஜெனோவா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். சின்ன ஜப்பான் என்று ஆவதற்கு முன்னால் அவரை என்னவென்று கூப்பிட்டீர்கள்?

அவளைவிட வயதில் இளையவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெண்கள் ஈரச் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார்கள். ஒருவர் தன் கால் பெருவிரலால் மணலைக் கிண்டினார். பிரகாசியம்மாள் மட்டும் தலையை நிமிர்த்தி, அந்தச் சொல் என் வீட்டுக்குள்ளே வந்ததில்லை, என் வாயால் அது வராது என்று சொல்லிவிட்டு மெஷினின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜெனோவா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து தன் அம்மாவின் முகத்தில் நின்றாள். சலேத்தம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“எம்மா. உங்களுக்குத் தெரியும்.”

“அது பேரு இல்ல மக்கா.”

“அதுக்கு அவர் திரும்பிப் பார்த்தாரா?”

சலேத்தம்மாள் கடலைப் பார்த்தாள். “பார்த்தான். கூப்பிடும்போதெல்லாம் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பார்த்தான். அதுதான் தன் பேருன்னு நினைச்சான் பிள்ளை.”

அந்தக் காலத்தில் கல்யாணமாகி வந்த புதிது அவளுக்கு. தண்ணீர்க் குழாயடியில் சவேரியார் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, புயல் கழித்துப் போட்ட பலகையும் போத்தலும் அறுந்த வலையும் கரையில் கிடந்ததே, அதோடு கிடந்ததுதானே இதுவும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள். கரை ஒதுங்குகிற சாமான்களுக்கு அந்த ஊரில் ஒதுங்கல் என்று பெயர். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது பிள்ளைகள் வாய்க்குப் போய்விட்டது. நடக்கப் பழகிய குழந்தை ஒதுங்கல், ஒதுங்கல் என்கிற சத்தம் கேட்ட பக்கமெல்லாம் கையை நீட்டிக்கொண்டு போனது. சவேரியார் ஒருநாள் அதைத் தெருவில் பார்த்தார். பிள்ளையைத் தூக்கிவந்து, துடைத்து வைத்திருந்த மெஷின்மேல் உட்காரவைத்து, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்து, இவன்தான் சின்ன ஜப்பான் என்று காட்டினார். மறுநாளும் காட்டினார். அந்த மாதம் முழுக்கக் காட்டினார். பழைய பெயர் புதுப் பெயருக்கு அடியில் போனது. பெயர் அடியில் போகும், ஆனால் இல்லாமல் போகாது என்பதை அன்றைக்கு அந்த மழையில் நின்ற வயதானவர்கள் எல்லோரும் அறிந்துகொண்டார்கள்.

“அப்ப நீங்களே கூப்பிடுங்க,” என்றாள் ஜெனோவா.

சலேத்தம்மாள் பிரகாசியம்மாளிடம் போய் அவள் முன்னால் கொஞ்சம் குனிந்து நின்றாள். பிரகாசியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்க்காமல், சீக்கிரம் கூப்பிடு என்றாள்.

சலேத்தம்மாள் கூட்டத்தை விட்டு விலகித் தண்ணீர்ப் பக்கமாக நடந்து போய், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ‘ஒது’ என்று கூப்பிட்டு நிறுத்தினாள்.

அந்தச் சொல் ஆளுக்கு வருவதற்கு முன்பு சாமானுக்கு வைத்த பெயராக இருந்தது, அவனையும் அந்தச் சாமான்களில் ஒன்றாக எண்ணித்தான் ஊர் அப்படிக் கூப்பிட்டிருந்தது. ஆகவே எல்லாம் வந்தன. அந்தக் கரையில் எந்தக் காலத்திலோ ஒதுங்கிய அத்தனையும் மணல்வெளியில் வந்து குவிந்தன. பாசி பிடித்த பலகைகள், நெட்டி மிதவைகள், கண்ணாடி மிதவைகள், ஒற்றைச் செருப்புகள், தூர தேசத்து எழுத்து போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள், உடைந்த சுக்கான்கள், தலையில்லாத ஒரு மாதா சுரூபம், முறிந்த பாய்மரம், ஆமை ஓடுகள், அறுந்த வலைகள் மலைமலையாக. சனங்கள் பின்வாங்கிக் கோயில் படிக்கட்டுகளில் ஏறினார்கள். குவியல் கொடிமரத்தின் பாதி உயரம் வந்து நின்றது. பிறகு கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குவியலின் நடுவிலிருந்து ஒரு வலை அசைந்தது.

கித்தேரியானும் தொம்மையும் ஓடிப்போய்ப் பலகைகளை இழுத்துப் போட்டார்கள். ஜெனோவா இரண்டு கைகளாலும் வலையைப் பிய்த்தாள். உள்ளே சின்ன ஜப்பான் ஒரு பலகையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான், நெற்றியில் வெட்டுக்காயம், உதடுகள் நீலம்பாரித்திருந்தன. அவர்கள் அவனை உட்காரவைத்து முதுகில் தட்டினார்கள். அவன் தண்ணீரைக் கக்கினான். கண்ணைத் திறந்ததும் மூன்று பேரும் வந்துவிட்டார்களா என்று கேட்டான். வந்துவிட்டார்கள் என்றார்கள். வள்ளம் போய்விட்டது என்று அவனே சொன்னான். பிரகாசியம்மாள் அவன் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள், ஜெனோவா அவன் கையை விடாமல் பிடித்திருந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, அதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதன்பிறகுதான் அவன் தன்னைச் சுற்றிக் கிடந்தவற்றைப் பார்த்தான். ஒரு செருப்பை எடுத்தான், கீழே வைத்தான். போத்தல்களைப் பார்த்தான், சுரூபத்தைப் பார்த்தான். தன்னோடு என்னவெல்லாம் வந்திருக்கிறது என்பதிலிருந்து, தன்னை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்பதை அவன் தெரிந்துகொண்டான். அவன் முகம் மாறுவதை ஜெனோவா பார்த்தாள்.

யார் கூப்பிட்டது என்று அவன் கேட்டான்.

“நான்தான்,” என்றாள் சலேத்தம்மாள்.

அவன் கித்தேரியானின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அம்மாவோடு வீட்டுக்குப் போனான்.

காற்று அடங்கிய மறுநாள் காலையில் ஊர் குவியலை அப்புறப்படுத்தத் தொடங்கியது. கமிட்டி ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை, மூத்தவர்கள் தாங்களாகவே வந்து சுமந்தார்கள். விறகுக்கு ஆகிற பலகைகளைப் பிரகாசியம்மாள் வீட்டு வாசலில் கொண்டுபோய் அடுக்கினார்கள். கண்ணாடி மிதவைகளைச் சிறுபிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். சுரூபத்தைச் சாமியார் வாங்கி வைத்துக்கொண்டார். சலேத்தம்மாள் முதல் ஆளாக வந்து, யாரோடும் சேராமல் ஒரு ஓரத்தில், வலைகளைச் சிக்கெடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியபோது சின்ன ஜப்பான் நெற்றிக் கட்டோடு வந்து அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் வெகுநேரம் சிக்கெடுத்தார்கள்.

“அந்தப் பேரை இத்தனை வருசமாவா வச்சிருந்திய, மாமி?” என்று அவன் கேட்டான்.

“ஆமா. வெளிய எடுக்கவும் முடியல, முழுங்கவும் முடியல.”

அவன் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். சின்ன வயதில் அது நல்ல பேர் என்று தான் நினைத்திருந்ததாகச் சொன்னான். கூப்பிடும்போது எல்லோரும் சிரித்த முகமாக இருந்ததால் அப்படித் தோன்றியது, அர்த்தம் தெரிந்தபோது பத்து வயது, அப்பாவிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர் வருத்தப்பட்டிருப்பார் என்றான். சலேத்தம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் அவளை அழவிட்டு, வலையைச் சுருட்டி முடித்துக் கட்டினான்.

தை பிறந்தபின் அவனுக்கும் ஜெனோவாவுக்கும் கல்யாணம் நடந்தது. எந்த வீட்டு ஆள் என்று கேட்ட சம்பந்தக்காரர்களுக்கு, எங்க வீட்டு ஆள் என்று சலேத்தம்மாள் பதில் சொன்னாள். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து வாங்கிய புது வள்ளத்தில் அந்தப் பழைய மெஷினையே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்கள். ஊர் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, பெயரைப் பாதியில் நிறுத்தினால் ஆள் வந்து நிற்பார். ஜெனோவா கம்பெனியில் வேறு வேலைக்கு மாறிவிட்டாள். புருஷனைக் கூப்பிடவேண்டுமென்றால் வாசலுக்கு வந்து, அவன் தானாக வருகிறவரை கடலைப் பார்த்து நின்றுகொள்வாள்.

கல்யாணத்துக்குப் பின் சின்ன ஜப்பான் முதன்முறையாகக் கடலுக்குப் போகிற அன்று, விடியும் முன்னே சலேத்தம்மாள் கருப்பட்டிக் காப்பியைத் தூக்குவாளியில் ஊற்றிக் கரைவரை கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வாளியை வாங்கி வள்ளத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“மாமி, அந்தப் பேரை மறந்திராதிய,” என்றான். “கடல் எப்பவும் ஒரே மாதிரி இருக்காது.”

அவள் தலையாட்டினாள். வள்ளம் அலையைத் தாண்டி மறைகிறவரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு சலேத்தம்மாள் அந்தப் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.